ஏழாம் நரம்பும் செல்வராணி கல்யாணமும்

இருமல் மருந்தையும் தலைவலி மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டு, மனுஷ உடம்பில் ஓடுகிற அத்தனை நரம்புக்கும் பதில் சொல்லு என்பார்களே, அதுதான் தோட்டத்து டிஸ்பென்சரி வேலை. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காத்துக் கிடந்த உங்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

வரக்காப்பொல பஜாரில் எங்கள் வீட்டார் கடை வைத்திருந்தார்கள். நான் மட்டும் மருந்துப் படிப்புப் படித்து, தொண்ணூறுகளின் நடுவில் அரநாயக்கப் பக்கம் ஒரு மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு டிஸ்பென்சராகப் போய்ச் சேர்ந்தேன். மண்டையிலிருந்து கிளம்புவது பன்னிரண்டு ஜோடி, முதுகுத்தண்டிலிருந்து கிளம்புவது முப்பத்தொரு ஜோடி என்று பரீட்சைக்கு உருப்போட்டவன் நான். அந்த நரம்புகளுக்கெல்லாம் ஊரும் பேரும் மாமியாரும் உண்டு என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அதில் ஒரு நரம்பு ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் முழங்காலில் இருந்து ஆரம்பித்தால்தான் அந்தப் பெண் யாரென்று உங்களுக்குப் புரியும்.

கங்காணி உதைத்த கதை

எங்கள் தோட்டத்துக் கங்காணி இடுப்பில் பிடித்த வலி கால்வரை இறங்குகிறது என்று வந்தார். மேசைமேல் ஏற்றி, கால் இரண்டையும் தொங்கப்போட்டு உட்காரவைத்தேன். முழங்காலில் தட்டும் சுத்தியலின் ரப்பர் எப்போதோ கழன்று போயிருந்தது. அதனால் உள்ளங்கை ஓரத்தாலேயே முழங்காற் சில்லுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினேன். விட்டார் பாருங்கள் ஓர் உதை! நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் சரிந்து, நானும் அதோடு சரிந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கு நின்ற பொம்பளையாட்களுக்கு அன்றைக்குத் திருவிழா. கங்காணிக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ சாமி, நான் உதைக்கலீங்க, காலுதான் உதைச்சிருச்சு" என்றார். நான் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். தட்டின சேதி முதுகுத்தண்டு வரைக்கும்தான் போகும், அங்கேயிருந்தே பதில் திரும்பிவிடும், மூளையைக் கேட்கவே கேட்காது, இதில் கங்காணியின் குற்றம் ஒன்றுமில்லை என்றேன். கூட்டத்தில் முன்னால் நின்றவள் செல்வராணி. கொழுந்து எடுக்கிற பெண், அடுத்த மாதம் கல்யாணம். முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப கங்காணி ஐயா வாயும் அப்படித்தானுங்களா டொக்டரய்யா, மூளையக் கேக்காமத்தான் பேசுதா?"

கூடைக் கயிறு

அவளுடைய அம்மா பார்வதி அதே வாரம் வந்தார். புருஷன் இல்லாமல் ஒற்றை மகளை வளர்த்தவர். உச்சந்தலையில் கை வைத்தாலும் தெரியவில்லை, சீப்புப் பட்டாலும் தெரியவில்லை என்றார். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தேன். நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு பட்டை மரத்துப் போயிருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் உட்காருகிற இடம் அதுதான். முகத்துக்கு உணர்ச்சி கொண்டுவருவது ஐந்தாம் நரம்பு. அதன் ஒரு கிளை புருவத்துக்கு மேலால் ஏறி உச்சிக்குப் போகும். வருஷக்கணக்காகக் கயிறு அதை நசுக்கியிருந்தது.

கயிற்றுக்கு அடியில் துணியை நன்றாக மடித்து வையுங்கள், கயிற்றை ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள், கொஞ்ச நாள் பாரத்தைக் குறையுங்கள், உணர்ச்சி மெல்லத் திரும்பும் என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். பார்வதி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மக கல்யாணம் முடியிற வரைக்கும் அது திரும்ப வேணாங்க ஐயா, மரத்துக் கெடக்கிறதாலதான் கூடை கனம் தெரியாம இருக்கு."

நெற்றியும் போச்சு

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டு முடிந்த கையோடு தாயும் மகளும் ஓடி வந்தார்கள். செல்வராணி கம்பளியால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கினால், வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வலது கண் மூட மறுக்கிறது. ராத்திரி நன்றாகத்தான் படுத்தாளாம், காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியதாம். அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பாதிப் பேர் பக்கவாதம் என்றார்கள், மீதிப் பேர் ஆற்றோரத்து மரத்தடிப் பேய் அறைந்துவிட்டது என்றார்கள்.

எனக்கும் பயம்தான், ஏன் பொய் சொல்லவேண்டும்? கை காலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். பலமாகத்தான் இருந்தது. பிறகு புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொன்னேன். இடப்பக்கம் சுருங்கியது. வலப்பக்கம் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி ஒரு மடிப்பும் இல்லாமல் கிடந்தது. "அப்பாடா, நல்ல சேதி!" என்று கத்திவிட்டேன். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வரும். மூளையில் அடி விழுந்திருந்தால் ஒரு பக்கம் கைவிட்டாலும் மறுபக்கம் நெற்றியைத் தாங்கிப் பிடிக்கும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் கோளாறு நரம்பில்தான். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் நெருக்கமான ஒரு வழியில் ஏழாம் நரம்பு வீங்கிச் சிக்கிக்கொள்ளும். வீக்கம் வடிந்தால் பெரும்பாலும் முகம் திரும்பிவிடும்.

இருந்தாலும் நான் சொல்லி என்ன, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். அன்றைக்கே தோட்டத்து லொறியில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த சிங்கள டொக்டரும் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார். "பய வென்ன எப்பா நங்கி" என்று அவள் தோளில் தட்டிக்கொடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயப்பட வேண்டாமாம் தங்கச்சி. திரும்பி வரும் வழியெல்லாம் பார்வதி யோசித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தாங்காமல் கேட்டார்:

"வாயும் போச்சு, கண்ணும் போச்சு, நெத்தியும் போச்சு, இதுல நல்ல சேதி எங்கேருந்துங்க ஐயா வந்துச்சு?"

அரை நாக்கு

தினமும் வேலைக்குப் போகுமுன் டிஸ்பென்சரிக்கு வந்து, நெற்றியைச் சுருக்கி, கன்னத்தை உப்பி, பல்லைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று செல்வராணிக்குக் கட்டளை. தூங்கும்போது கண் காய்ந்துவிடாமல் களிம்பு போட்டு, இமையைப் பிளாஸ்டரால் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் போயிற்று, அசைவே இல்லை. நான் மட்டும் வெளியே தைரியசாலி. உள்ளுக்குள், பெரும்பாலும் சரியாகும் என்றார்களே, அந்தப் பெரும்பாலும் பட்டியலில் இந்தப் பிள்ளையும் இருக்கவேண்டுமே சாமி என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தேத்தண்ணி சப்பென்று இருக்கிறது என்றாள். நாக்கை நீட்டச் சொல்லி, வலது ஓரத்தில் ஒரு சொட்டுச் சீனித்தண்ணி வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடது ஓரத்தில் வைத்ததும் தலையாட்டினாள். நாக்கின் முன்பக்கச் சுவையைத் தூக்கிப் போவதும் இதே ஏழாம் நரம்புதான், அதுவும் கூடவே வந்துவிடும் என்றேன். அவள் சிரித்தாள், பாதி முகத்தால். அடுத்த நிமிஷம் கண் கலங்கியது.

"நாக்குல பாதி போனாலும் பரவால்லீங்க, மாமியா சமையல அந்தப் பக்கமா வச்சுத் தின்னுக்கிறேன், கல்யாணம் மட்டும் நின்னுறக் கூடாதுங்க ஐயா."

வெள்ளை விழி

சேதி எந்த பஸ்ஸைப் பிடித்ததோ தெரியாது, கலவானப் பக்கத் தோட்டத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாம் வாரம் மாப்பிள்ளை சிவகுமாரும் அவர் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அம்மா பெண்ணை நிறுத்திவைத்துக் கண்ணை மூடு என்றார். இடது கண் மூடியது. வலது கண் திறந்தபடியே நிற்க, விழி மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான். "பேய்தான் முழிக்குது! இது இறங்கட்டும், பெறகு கல்யாணத்தைப் பத்திப் பேசுவோம்" என்று கிளம்பிவிட்டார். பிறகு பேசுவோம் என்றால் பேசவே மாட்டோம் என்று அர்த்தம், அது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பார்வதி அழுதுகொண்டே எல்லோரையும் என்னிடம் இழுத்து வந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "தம்பி, உட்காருங்க" என்று மாப்பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். கண்ணை மூடும்போது விழி மேலே போவது மனுஷப் பிறவிக்கு இயல்பு. இமை மூடிக்கொள்வதால் யாரும் பார்ப்பதில்லை. அவர் மேல் இமையை என் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, "இப்ப இறுக்கி மூடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, சில பேருக்கு விழி அப்படி மேலே போகாது. இந்த மாப்பிள்ளை அந்தச் சில பேரில் ஒருவராக இருந்தால் கல்யாணமும் போச்சு, என் மானமும் போச்சு. மூடினார். விழி சர்ரென்று மேலே போய் வெள்ளையாக நின்றது. "அய்யய்யோ, எம்புள்ள!" என்று அம்மா அலறினார்.

சிவகுமார் நிதானமாக எழுந்து, அதே மாதிரி தன் அம்மாவின் இமையைப் பிடித்து மூடச் சொன்னார், குனிந்து பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் செல்வராணியை நேராகப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"உனக்கும் வெள்ளையாத்தாம்மா போவுது. அப்ப மூணு பேருக்கும் பேய்தான், பொருத்தம் சரியா இருக்கு, தேதிய மாத்தாதீங்க."

அழு, நல்லா அழு

கல்யாணம் குறித்த நாளில் மாரியம்மன் கோயிலில் நடந்தது. முகம் இன்னும் கோணல்தான். படம் பிடிக்க வந்தவர் இடப்பக்கமாக நின்று எடுக்கிறேன் என்றார், சிவகுமார் கேட்கவில்லை, நேராகவே எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் பந்தியில் உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நாளைக்குப் புதுத் தோட்டம், புது மாமியார். வந்துவிடும் வந்துவிடும் என்று நான் சொன்ன வாக்குக்கு அங்கே யார் பதில் சொல்வது?

சாயந்தரம் பெண்ணை அனுப்புகிற நேரம். வேன் வந்து லயத்து முன்னால் நின்றது. செல்வராணி கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, தனியாக நின்ற அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், "அம்மா" என்று உடைந்துவிட்டாள். சுற்றி நின்ற பெண்களும் ஆரம்பித்துவிட்டார்கள், கங்காணிகூட மூக்கைச் சிந்தினார். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேலே மெல்லியதாக ஒரு கோடு. இடப்பக்கம் சுருங்கச் சுருங்க, வலப்பக்கமும் கூடவே நடுங்கிச் சுருங்குகிறது! இமையும் இறங்கப் பார்க்கிறது! நரம்பு வந்துவிட்டது! நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், கையைத் தட்டி, "அழு புள்ள, நல்லா அழு, நிறுத்தாதே!" என்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பார்வதிக்கு என்ன தெரியும் பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மேல் பாய்ந்தார்:

"பெத்த வயிறு இங்க எரியுது, பொண்ணு அழுவுறதப் பாத்துக் கைதட்டிச் சிரிக்கிற மனுசன இன்னைக்குத்தாங்க பாக்குறேன்!"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான் மக்களே, ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் நரம்பையும் டிஸ்பென்சரையும் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.