மேட்டு ஸ்டேஷனில் ஏறாதவள்

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்க நின்றபோது ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி ஒன்று என் மூக்குக்கு நேரே போனது. புகை போட்ட ஷீட்டின் வாடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருவாட்டையும் ஈர விறகையும் ஒரே அடுப்பில் வைத்ததுபோல இருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் லோரி மறையும்வரை மூச்சை இழுத்துக்கொண்டே நின்றேன். வாங்கிவரச் சொன்ன தேங்காய் மறந்துபோய்விட்டது.

இந்த ஷீட்டெல்லாம் ஒரு காலத்தில் ரயிலில்தான் போகும். கிள்ளான் ரயில் பாதையில் நான் போர்ட்டராக இருந்த சின்ன ஸ்டேஷனில் மூட்டை மூட்டையாக ஏற்றியிருக்கிறேன். பலகையில் யாரோ ஒரு துரை வைத்த பெயர் இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை. மேட்டில் இருந்ததால் மேட்டு ஸ்டேஷன். அங்கிருந்து கிளம்பும் வண்டி மீதி மேட்டையும் ஏற வேண்டும்; கொஞ்ச தூரம் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கத்தான் செய்யும்.

அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். இருப்பே கொள்ளாது. ஒவ்வொரு வண்டி வரும்போதும் இதில் ஏறிப் போய்விடலாமா என்று கால் பரபரக்கும். எங்கே போவது என்று கேட்டால் பதில் இல்லை. கோலாலம்பூர் பக்கம் போகிற வண்டி வந்தால் கோலாலம்பூர், எதிர்ப்பக்கம் துறைமுகத்துக்குப் போகிற வண்டி வந்தால் கப்பல். எனக்குக் கொடுத்த காக்கிச் சட்டையோ இன்னொரு ஆளும் உள்ளே இருக்கலாம் போலத் தொளதொளவென்று இருக்கும். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பாலெடுக்கும் அஞ்சலை என்னைத் தாண்டும்போதெல்லாம், "அண்ணே, சட்டைக்குள்ள ஆளு இருக்கீங்களா?" என்று கேட்பாள். இருக்கிறேன் என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி கேட்பாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். வேலை போனவர்களை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் ஸ்டேஷனில் ஏறுபவர்கள்தான், இறங்குபவர்கள் இல்லை. ஒரு காலையில் அஞ்சலையும் அவள் புருஷன் வேலுவும் மூட்டைகளோடு வந்தார்கள். வேலு சேலம் பக்கத்திலிருந்து வந்தவன். அவனுக்கு அங்கே தாய் இருந்தாள். அஞ்சலை தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் இருவரையும் அந்தத் தோட்டத்திலேயே புதைத்திருந்தார்கள்.

வண்டி வந்தது. எல்லாரும் ஏறினார்கள். வேலுவும் சாமான்களை உள்ளே தள்ளிவிட்டு ஏறினான். அஞ்சலை மட்டும் பார்சல் நிறுக்கும் தராசின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வரல," என்றாள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் கூட வந்திருந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறும்மா. ஊருக்கு அனுப்புறாங்க, கசக்குதா?"

"யாரு ஊருக்கு? எனக்கு அங்க யாரு இருக்கா?"

கிராணி அவள் கையைப் பிடிக்கப் போனார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். "கிராணியார், உங்கட தோட்டம் அந்த வேலியோட முடிஞ்சுது. இது ரயில்வே இடம். ஏறுறதும் ஏறாததும் அந்தப் பிள்ளையின்ர இஷ்டம்."

கார்டு விசிலை ஊதிவிட்டார். வேலு ஜன்னலில் தலையை நீட்டி, "அஞ்சல, வாடி," என்றான். அதட்டவில்லை. கெஞ்சியதுபோலத்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்துவது என் வேலை. சாத்தினேன். வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டியிருக்காது, முன்பெட்டி ஜன்னலிலிருந்து ஒரு பாய்ச்சுருள் வந்து விழுந்தது. அடுத்தது துணிமூட்டை. அடுத்தது பித்தளைக் குடம், கல்லில் மோதி உருண்டது. என்ன நடக்கிறதென்று நான் யோசிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு வேலு குதித்துவிட்டான்.

"தம்பி, ஓடு. கால் முறிஞ்சுதோ பார்," என்றார் மாஸ்டர்.

ஓடினேன். எனக்கு முன்னால் அஞ்சலை ஓடினாள். முழங்காலில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவள் முதலில் கேட்டது, "குடத்த நசுக்கிட்டியே, அறிவிருக்கா?" கேட்டுவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வேலு வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா காத்துக்கிட்டு இருக்கும்," என்றான்.

சாமான் கொட்டகை காலியாகக் கிடந்தது. காயம் ஆறும்வரை அவர்களை அங்கே தங்கவைத்துக்கொண்டார் மாஸ்டர். பிறகு தண்டவாளத்தை ஒட்டியே கிள்ளானுக்கு நடந்துபோனார்கள். எந்த வண்டியிலும் ஏறிவிட நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதன்பின் தூக்கம் கெட்டது. எந்த மனிதருக்காக நான் வண்டியிலிருந்து குதிப்பேன் என்று யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை. மாற்றல் கேட்டு எழுதிப்போட்டேன்.

மாற்றல் கிடைத்து நான் பிரிக்பீல்ட்ஸ் வந்த கொஞ்ச நாளில் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். ஆளும் இல்லை, சரக்கும் இல்லை, வண்டி யாருக்காக நிற்கும்? கிள்ளான் பாசாரில் அஞ்சலையைப் பார்த்தபோது சொன்னேன். மலாய்க்காரர்கள் கிராமமான ஒரு கம்பத்துப் பக்கம் கீரை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கீரைக்குத் தண்ணீர் தெளித்தபடி, "நல்லதாப் போச்சுண்ணே. இனிமே அங்கேருந்து யாரையும் ஏத்தி அனுப்ப முடியாதில்ல," என்றாள். பின்னால் கட்டு கட்டிக்கொண்டிருந்த வேலு நிமிரவில்லை. அவன் தாய் அதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

அன்று வண்டியிலேயே போனவர்களில் ஒருவரையும் பிறகு நான் பார்த்ததில்லை. அவர்கள் இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். பிளாட்பாரத்தின்மேல் லாலாங் புல் ஆள் உயரம் நிற்கிறது. ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் அந்த மேடு நெருங்கினால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்துவிடுகிறேன். போன வாரமும் அப்படித்தான். எதிரில் இருந்தவர் எனக்கு வழிவிடக் காலை மடக்கிக்கொண்டு, "எறங்கணுமா அண்ணே?" என்றார்.

"இல்லீங்க. இங்க ஸ்டேஷன் இல்ல," என்றேன்.