தங்கையின் வலியைப் பொய்யாக்கிய நாள்

என் தங்கையின் வயிற்றுவலி பொய் என்று வீட்டாருக்கு நிரூபித்துக் காட்டியவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஒன்பது.

உத்தனப்பள்ளியில் எங்கள் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். தொடையில் கிள்ளுவதில் கெட்டிக்காரர். பள்ளி நாட்களில்தான் தங்கை அதிகம் துடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவாக இல்லை. வகுப்பில் முதலாவதாக வரும் எனக்கு இது போதாதா?

ஒரு காலை அவள் சுருண்டு கிடந்தாள். நான் வெளியே போய்விட்டு ஓடிவந்தேன்.

"புள்ள, இன்னிக்கு பஸ்ஸே வரல. வாத்தியாரு கெடையாது, லீவு!"

"நெசமாவாண்ணா?"

"சாமி சத்தியமா."

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டாள். உடனே அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"அடி திருட்டுக் கழுத, வவுத்து வலின்னு எங்களையே ஏமாத்துறியா?" என்று அப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளியில் விட்டார். அம்மா, "எம் பையனுக்கு வக்கீலு மூளை" என்றாள்.

அதன்பின் தங்கை வலி என்று வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

சென்ற மாதம் என் பேரனுக்குக் குடல் அழற்சி என்று பெங்களூரில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அறிகுறிகள் அப்படியே தங்கையுடையவை. குடலில் நரம்புகளும் நோய் எதிர்ப்புச் செல்களும் அருகருகே இருந்து ஒன்றையொன்று தூண்டுமாம். பயந்தால் நரம்பு அந்தச் செல்களை உசுப்பும், புண் பெருகும், அந்தப் புண் நரம்பை இன்னும் வலிக்க வைக்கும்.

"பயம் போனா வலி குறையுமா?" என்று கேட்டேன்.

"குறையலாம் தாத்தா. அதுக்காக நோய் பொய்யாயிடுமா?"



நான் அப்படி நிரூபித்த சில மாதங்களில், ரத்தக்கறை பட்ட பாவாடைகளை வைக்கோல் போருக்குள் அம்மா கண்டெடுத்தபோது தங்கை எலும்பும் தோலுமாகியிருந்தாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கிருந்து அவள் திரும்பவில்லை.

சேர்த்த அன்று டாக்டர் அவளிடம், "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னா, நான் நடிக்கிறேன்னு அண்ணன் சொல்லும்."

அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம். அவளோடு பேசவே இல்லை. வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.