பாதியில் நின்ற நம்பர்

என் கணவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிய மனிதர், இந்த ஒரு வாரமாக ஹாலுக்கும் படுக்கையறைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். காரணம், டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்த கடிதம். பழைய கம்பி லைன்களை எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிறுத்தப்போகிறார்களாம். நம்பரும் போய்விடுமாம்.

“யாருங்க இப்ப அதுல கூப்பிடறா? போனா போகட்டுமே” என்றேன்.

“ஒட்டகம் கூப்பிட்டா?” என்றார்.

ஒட்டகம் என்பது ஓர் ஆள். முகம் தெரியாது, உண்மைப் பெயரும் தெரியாது. வீடுகளுக்கு இன்டர்நெட் வராத காலத்தில் இவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை போன் லைனில் கோத்து ஒரு புல்லட்டின் போர்டு நடத்தினார். நாற்பது பேர் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்கு டயல் செய்வார்கள். மோடம் கீச்சென்று கத்தும். உள்ளே வந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரே லைன், ஒரு சமயத்தில் ஒருத்தர்தான். அந்த மோடம்தான் எனக்குச் சக்களத்தி. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் உட்காருவார். தினமும் நாலு மணிக்கு ஒட்டகம் வந்து எழுதிவைத்துப் போகும் சமாசாரத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பார். என்னிடம் “டீ” என்பதோடு சரி.

ஒரு நாள் ஒட்டகத்தின் கடிதம் பாதியில் நின்றிருந்தது. ‘அண்ணே, இன்னிக்கு ஆறு மணி ரயிலுக்குக் குடும்பத்தோட ஊரை விட்டே கிளம்பறேன். அங்க என் நம்பர் இருபத்தேழு’. அவ்வளவுதான். அதோடு ஆள் வரவே இல்லை.

“லைன் அறுந்திருந்தா திரும்ப அடிச்சிருப்பான். நம்பர் குடுக்க வந்தவன் மனசு மாறிட்டான்” என்று இவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். தான் என்ன தப்பாக எழுதினோம் என்று பழைய கடிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். போர்டில் ஆட்கள் குறைந்து, கடைசியில் அதை மூடியும் விட்டார். லைனை மட்டும் விடவில்லை. மனசு திரும்பினால் அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் இதுதானே என்பார். இருபத்தாறு வருஷம்!

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அவர் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டதும் என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“என்னங்க, ஒட்டகம் மனசு மாறல. நான்தான் அன்னிக்கு ரிசீவரை எடுத்தேன். கீச்சுன்னு கேட்டுச்சு, உள்ள யாரோ இருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் லைனை வெட்டிட்டு அக்காவுக்குப் போட்டேன்.”

காட்டுக்கத்தல் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ, “எவ்வளவு நேரம் பேசினே?” என்றார்.

“ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

“அடிப்பாவி! அப்ப ஆறு மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்திருப்பானே. பெட்டி படுக்கையோட நின்னுக்கிட்டு… அடிக்க அடிக்க எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னு…” முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “அப்படி என்னதான் பேசினே உங்க அக்காகிட்ட?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“இந்த வீட்ல எனக்குப் பேச ஆளே இல்லைன்னு சொல்லி அழுதேன்.”

அவர் என்னையே பார்த்தார். எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“என்கிட்ட என்ன பேசணும்னு இருந்துச்சு உனக்கு? இப்ப சொல்லு, கேக்கறேன்.”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

“மறந்துபோச்சுங்க” என்றேன்.