வலை போடாத நாட்கள்

1. இன்று காலை மாத்தளைச் சந்தையில் ஓர் இறாத்தல் திலாப்பியா வாங்கினேன். ஆறு மீன் வந்தது.
2. "என்ன நானா, இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றேன். "இதுதாங்க இப்ப பெரிசு. சின்னதக் காட்டினா அழுதுருவீங்க" என்றார் மீன் விற்கும் முஸ்லிம் நானா.
3. வீட்டுக்கு வந்து, அடுப்படியில் தேங்காய் வைக்கும் பலகையைக் கழுவி, அதன் ஓரத்து அங்குலக் கோடுகளில் ஒரு மீனைக் கிடத்தினேன். ஐந்தரை அங்குலம்.
4. சமையல் தாமதமானது.

அந்தப் பலகை ஒரு காலத்தில் என் உத்தியோகப் பலகை. எத்தனை தடவை கழுவினாலும், மழைக்கால ஈரத்தில் அதிலிருந்து குளத்து வாடை எழும்பும். வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் நாற்றம். எனக்கு மட்டும் அது தம்புள்ளைக்கு அப்பால், தூரத்தில் சீகிரியாக் குன்று தெரிகிற அந்தப் பெரிய குளத்தின் காலை நேரம்.

மீன்பிடிப் பயிற்சியை முடித்த கையோடு என்னை அங்கே போட்டார்கள். கரைக்கு வரும் மீனை அளந்து, எழுதி, மாதக் கடைசியில் மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்கு அனுப்புவதுதான் வேலை. பட்டியல் போடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்களைக்கூடக் குறித்துவைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

குளக்கரையில் குடியிருந்தவர்கள் சிலாபம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். அவர்களில் அந்தோனி அண்ணனும் மேரியக்காவும் எனக்கு நெருக்கம். அவர்களுடைய தோணியில் மரத்தைவிடத் தார் அதிகம். குளத்துக்குள் மூழ்கிக் கிடந்த பட்டமரங்கள் அடியைக் குத்திக் குத்தி ஓட்டையாக்கியிருந்தன. அண்ணன் துடுப்புப் போட, அக்கா பால் டின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டே போவார். கடலோரத்தில் பிறந்த அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. "கடல்ல விழுந்தா யாரு மிஸ் நீந்தித் திரும்பினான்?" என்பார், அதுவே ஒரு தகுதி என்பதுபோல.

அது ஞாயிறு விடுமுறை போய், நிலாவின் நாலு நிலைகளை ஒட்டி வாரத்துக்கு ஒன்றாக வரும் போயா எனும் பௌத்தப் புனித நாள் விடுமுறையாகியிருந்த காலம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கந்தோர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஆகவே நான் ஒழுங்காகப் பலகையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவேன். அங்கே தோணிகளெல்லாம் கரையில் கிடக்கும். ஞாயிறன்று வலையைத் தொட மாட்டார்கள். "மீனு இல்ல மிஸ். வேணும்னா என்னைய படுக்கவச்சு அளந்து எழுதிக்கங்க" என்பார் மேரியக்கா, பூசைக்குக் கட்டிய சேலையோடு. போயா நாளில் வயல்கார சிங்களவர்கள் குளத்தில் உயிர்க்கொலை கூடாதென்று வலை போட விடமாட்டார்கள். ஆக, வாரத்தில் இரண்டு நாள் குளம் சும்மா கிடந்தது. ஓய்வுக்கு அடுத்த காலைகளில் மீன் பலகையை நிறைத்துக் கிடக்கும். பத்து அங்குலம், பதினோரு அங்குலம்.

அரசாங்க மானியத்தில் பைபர் தோணி கொடுக்கும் திட்டம் வந்தது. அந்தோனி அண்ணன் விண்ணப்பம் போட்டார். அதோடு என் பட்டியலும் போனது. வலை போடாத நாட்களுக்குப் படிவத்தில் மூன்று காரணங்கள்தான் இருந்தன: நோய், காற்று, பழுது. இவற்றில் அடங்காததற்குக் 'காரணமின்றி' என்று எழுத வேண்டும். பயிற்சியில் முதலாவதாக வந்தவள் நான். அப்படியே எழுதினேன், மாதத்துக்கு எட்டு நாள், ஒன்பது நாள்.

விண்ணப்பதாரர் முழுநேர மீனவர் அல்லர் என்று பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். மேரியக்கா பால் டின்னைக் கீழே வைத்தார்.

"நாங்க சோம்பேறின்னா எழுதினீங்க மிஸ்?"

அண்ணன் தார் காய்ச்சப் போய்விட்டார்.

மறுநாளே பட்டியல்களையெல்லாம் கட்டிக்கொண்டு மாத்தளைக் கந்தோருக்குப் போனேன். இது சோம்பல் அல்ல சேர், குளத்துக்குக் கிடைக்கிற ஓய்வு. ஞாயிறும் போயாவும் ஒரே நாளில் விழுகிற வாரங்களில் மீன் குறைவதைப் பாருங்கள் என்று கோடு போட்டுக் காட்டினேன். கந்தோர்ப் பெரியவர் பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு சிரித்தார். "வலை போடாம மீன வளக்கலாம்னு சொல்றீங்க. நல்லதுதான் பிள்ள. ஆனா தோணி குடுக்கிறது வலை போடத்தானே?"

அவர் கெட்டவர் அல்லர். எனக்காக ஒரு வழி செய்தார்: மாதம் இருபத்தைந்து நாள் தொழிலுக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டால் தோணி உண்டு. அந்தக் கடிதத்தை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். நான் கோடு போட்டுக் காட்டிய பட்டியல்களும் அதே பையில் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கவில்லை. அந்த ஓட்டைத் தோணியைப் பார்த்துக்கொண்டு எப்படி எடுப்பது, சொல்லுங்கள்?

"போயாவுல வயல்காரங்க விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் தொழிலுக்குப் போனா ஆண்டவர் கேப்பாரே" என்றார் அண்ணன்.

"நீங்க முங்கிப்போனா நான் கேப்பேன்" என்றார் அக்கா. "பூசை முடிச்சிட்டுப் போங்க. போடுங்க கையெழுத்த."

போட்டார். நீலநிற பைபர் தோணி வந்தது. மற்றவர்களும் அதே கடிதத்தில் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். கொஞ்ச காலத்தில் வாரப் போயாவும் எடுக்கப்பட்டு, ஞாயிறு மறுபடி விடுமுறையானது. கந்தோருக்கு விடுமுறை, குளத்துக்கு இல்லை. நான் கலியாணமாகி வேலையை விட்டபோது பலகையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. குளம் பௌர்ணமிப் போயாவன்று மட்டும் ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நீலத் தோணிகள் தண்ணீரில் நிற்கின்றன. அந்தோனி அண்ணன் உயிரோடு இருக்கிறார், இன்னும் நீச்சல் தெரியாமல். மேரியக்கா இப்போது தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. மீன் ஐந்தரை அங்குலம்.