ஆறரை மில்லிமீற்றர் ஓட்டை

கீழ்வீட்டுக்காரர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எதையோ உருட்டிக்கொண்டிருப்பார். முதல் வாரமே அதை வெளியில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு துவக்கு ரவை, இன்னும் வெடிக்காத தோட்டா. நீளமான பித்தளைக் கோது, அதன் நுனியில் செம்பு நிறத்தில் ஒல்லியான சன்னம். அவருடைய உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகவும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருந்தது. வேறொருவர் வாயிலிருந்து கழற்றிய பொய்ப்பல்லை என் கையில் வைத்ததுபோல எனக்கு உடம்பு கூசியது. திருப்பிக் கொடுக்கவும் பயம். காரில் இலவசமாக ஏற்றிப்போகிற மனுசர் அவர்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டின் இலையுதிர் காலம். நான் டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹோர்சன்ஸ் நகரில் இரண்டு அறை வீடொன்றில், அகதி முகாமில் பழக்கமான மட்டக்களப்பு ஆள் ஒருவரோடு இருந்தேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஊரில் காகித ஆலையில் வேலை செய்தவர். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில்தான் அந்த டெனிஷ்காரர் மனைவியோடு இருந்தார். ரயில் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

கொம்யூன் என்கிற நகரசபையின் கந்தோரில் இருந்த பெண் எனக்கு எடுத்துத் தந்த முதல் வேலை, நகரத்துக்கு வெளியே ஒரு வேட்டை இறைச்சிக் கடையில். வேட்டைக்காரர்கள் சுட்ட மான்களைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். தோலை உரித்து, வெட்டிப் பொதி செய்து கொடுக்கவேண்டும். நான் மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கட்டும் அறையில் ஒன்பது வருடம் வேலை செய்தவன். இரத்தம் கண்டால் பயப்படமாட்டான் என்று அந்தப் பெண் என் படிவத்தைப் பார்த்து முடிவு செய்திருக்கவேண்டும். கீழ்வீட்டுக்காரர் வேட்டைக்குக் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டுத் துண்டு அதே தெருவில் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் என்னை இறக்கிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் எதிர்க்காற்றில் சைக்கிள்.

இருபது நிமிடப் பயணம் முழுவதும் அந்த ரவையின் புகழ்தான். போன நூற்றாண்டின் கடைசியில் பக்கத்து நாடுகள் இரண்டு தங்கள் சிப்பாய்களுக்காக ஒன்றாக இருந்து உருவாக்கியதாம். ஆறரை மில்லிமீற்றர் தடிப்பு, கோதின் நீளம் ஐம்பத்தைந்து. தோளை உதைக்காது. சன்னம் நீளமாக இருப்பதால் காற்று அடித்தாலும் வழி மாறாது. எவ்வளவு பெரிய மிருகமானாலும் ஒரே வெடி. துப்பாக்கிச் சங்கங்கள் எல்லாம் இதையே சுடுவதால் விலையும் மலிவு. புதிதாக வந்த பெரிய ரவைகள் எல்லாம் காசுக்காரருடைய சத்தம் என்றார். அவருடைய துவக்கு பழைய இராணுவத் துவக்கு. மரக்கட்டையைக் குறைத்து வேட்டைக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். ஆனால் இரும்பில் குத்தியிருந்த அரச முடி முத்திரையை அழிக்கவில்லை. அதைத் தடவிக் காட்டினார். 'மென்மையானது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் நான் டெனிஷில் கற்றுக்கொண்டேன். அந்த ரவை மென்மையானதாம்.

டெனிஷ் வகுப்பில் ஐம்பத்தைந்து என்ற எண்ணைச் சொல்ல எல்லோரும் திணறுவார்கள். அந்த மொழியில் ஐம்பதுக்குப் பெயரே ஒரு கணக்குப் போல இருக்கும். நான் மட்டும் 'ஃபெமொஹல்ட்ரெஸ்' என்று ஒரே மூச்சில் சொன்னேன். எங்கே படித்தாய் என்று ஆசிரியை ஆச்சரியப்பட்டார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடையில் அரியண்டம் இன்னொரு மாதிரி. வேட்டைக்காரர்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். கையைச் சரியாகக் கழுவாமல், நகத்துக்குள் காய்ந்த இரத்தத்தோடு கேக்கை எடுத்துச் சாப்பிடுவார்கள். கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி தொங்கும் உடலின் ஓட்டைக்குள் விரலை விட்டு, சன்னம் எந்தப் பக்கத்தால் போய் எந்த எலும்பில் பட்டது என்று கதைப்பார்கள். முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவரும் அதே கதைதான். நான் தோலை இழுத்து உரித்துக்கொண்டு நிற்பேன். மயிரும் கொழுப்பும் சேர்ந்த ஈரமான வாசனை வீட்டுக்கு வந்தபிறகும் என் கையிலிருந்து போகாது. சோற்றைக் கரண்டியால் சாப்பிடப் பழகியது அந்த மாதங்களில்தான்.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருந்தது. எனக்கு அந்தக் கதைகள் விளங்கத் தொடங்கின. வேட்டைக்குச் செய்த சன்னத்தின் நுனி மெதுவான ஈயம். உடம்புக்குள் போனதும் காளான்போல விரியும், மறுபக்கம் கோப்பை அளவு கிழித்துக்கொண்டு வரும். மிருகம் நின்ற இடத்திலேயே விழும். இராணுவச் சன்னம் முழுக்கச் செம்பு மூடியது. விரியாது. இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதனால் வேட்டைக்கு அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரமுன்னரே அதில் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. மன்னாரில் பொலிஸ்காரர் தோளில் பழைய நீளத் துவக்குகள் கிடந்த காலத்தில், அந்தச் சின்ன ஓட்டைகளை நான் பஞ்சு வைத்துத் துடைத்திருக்கிறேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை முதலாளி வெளியூர் போயிருந்தார். கீழ்வீட்டுக்காரர் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் மானை இறக்கினார். ரோடூர் என்று அவர்கள் சொல்லும் சின்ன மான், ஒரு பெரிய ஆட்டளவு இருக்கும். வயிற்றைக் கீறிக் குடலை ஏற்கெனவே எடுத்திருந்தார். வினாகிரி மணத்தது. வழக்கமாக அவர்கள் வினாகிரி போடுவதில்லை.

தோலை உரிக்கத் தொடங்கியதும் காரணம் தெரிந்தது. விலா முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டை, என் சுண்டுவிரல்கூடப் போகாது. மறுபக்கமும் அதேமாதிரி. சுற்றியிருந்த மயிர் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. தோலை இழுக்க, உள்ளே வயிற்றுப்பக்கத்து இறைச்சி முழுவதும் பச்சை நிறமாகக் கிடந்தது. வினாகிரியைத் தாண்டி அந்த நாற்றம் மேலே வந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கியவுடன் எங்களை வாசலுக்கு ஓடவைத்த அதே நாற்றம். கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றேன்.

அவர் பின்னால் வந்தார். எப்போது சுட்டீர்கள் என்று கேட்டேன். முந்தாநாள் பின்னேரம் என்றார். அது ஓடிவிட்டதாம், நாயைக் கொண்டுபோய் அடுத்தநாள் மத்தியானம் பற்றைக்குள் கண்டாராம். அப்போதும் உயிர் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்தது," என்றார். "வேட்டை ரவை முடிந்துவிட்டது. சங்கத்தில் குறி பார்த்துச் சுடுகிற ரவை கொஞ்சம் வீட்டில் இருந்தது. அதே ரவைதான். நுனி மட்டும்தான் வேறு."

பிறகு, மனைவியின் அறுபதாவது பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பின்தொடையும் முதுகும் நன்றாகத்தான் இருக்கின்றன, கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு அதை மட்டும் கட்டித் தா என்றார். முதலாளிக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. காரில் என்னை இறக்கிவிடும்போது நாளை சந்திப்போம் என்பாரே, அதே குரல்தான்.

நான் செய்துகொடுத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பச்சையை வெட்டி எறிந்தேன், முதுகிறைச்சியை எடுத்துத் துடைத்தேன், வெள்ளைக் கடதாசியில் சுற்றி நூலால் கட்டினேன். கைகளை மூன்று தரம் கழுவினேன். அன்றைக்கும் அவருடைய காரிலேயே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய மனைவி படியேறி வந்து, மூடிய தட்டொன்றை மட்டக்களப்பாரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துண்டுபோட்ட வாட்டிறைச்சி, மண்ணிறக் குழம்பு, பக்கத்தில் சிவப்புப் பழ ஜாம். மட்டக்களப்பார் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மாதக்கணக்காக நாங்கள் கோழியும் முட்டையும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோறு போட்டு, தூள் போட்டு அந்த இறைச்சியைத் திரும்ப ஒரு பிரட்டல் பிரட்டலாம் என்றார்.

நான் சாப்பிடவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அங்கேதான் என் வாய் திறந்துகொண்டது. இவ்வளவு நாளாக எனக்குள் சேர்ந்த எல்லாம் வெளியில் வந்தது. இரண்டு விரல்களை வட்டமாக வளைத்து ஓட்டையின் அளவைக் காட்டினேன். மெது நுனி எப்படி விரியும், செம்பு நுனி எப்படி நேராகப் போகும் என்று மேசையில் கரண்டியை வைத்து விளக்கினேன். குடலில் பட்டால் உடனே சாகாது, பதினைந்து இருபது மணித்தியாலம் கிடக்கும் என்றேன். ரவையில் பிழை இல்லை, அது உண்மையில் நல்ல ரவை, உதையாது, நேராகப் போகும், அந்த மனிசன் நுனியைத்தான் பிழையாகப் போட்டவர் என்றேன். கீழ்வீட்டுக்காரரின் குரல் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. 'மென்மையானது' என்ற சொல்லைக்கூட டெனிஷில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பார் கையில் தட்டோடு நின்று முழுவதையும் கேட்டார். பிறகு தட்டை மேசையில் வைத்தார்.

"அண்ணன், நீங்க ஆரப் பத்திக் கதைக்கிறீங்க?"

"மானைப் பற்றித்தான்," என்றேன்.

"என்ட பெரியண்ணனும் அடுத்தநாள் மத்தியானம்தான் போனவர்," என்றார்.

அது எனக்குத் தெரியும். முகாமில் இருந்தபோது அவரே சொன்னது. வயலுக்குப் போன அண்ணன், வயிற்றில் வெடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ஒரு இரவு முழுவதும் வீட்டு மண்டபத்தில் கிடந்தது, தண்ணீர் கேட்டது, கொடுக்கக்கூடாது என்று யாரோ தடுத்தது. கேட்டபோது நான் அழுதிருக்கிறேன். இப்போது கரண்டியை வைத்து விளக்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அது என் தலைக்குள் எங்கேயும் இருக்கவில்லை. ரவைதான் இருந்தது. அந்த மானைவிடவும், விரல் விட்டுப் பார்க்கிற வேட்டைக்காரரைவிடவும் எனக்கு என்மேலேயே கூச்சமாக இருந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். தட்டைக் கொண்டுபோய்க் குப்பைக்குள் கவிழ்த்தார், தட்டைக் கழுவினார், துடைத்தார், கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நன்றாக இருந்தது என்று சொன்னாராம்.

அடுத்தநாள் நான் சைக்கிளில் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் பாதி என்மேல். நாறிய இறைச்சியைத் தன் மேசையில் வைத்து வெட்டியதற்கு. கீழ்வீட்டுக்காரரோடு கதைப்பதாகச் சொன்னார். கதைத்தும் இருக்கிறார். அந்த வாரம் படிக்கட்டில் கண்டபோது அவர் எனக்குத் தலையாட்டினார், நிற்கவில்லை. அதன்பிறகு கார் இல்லை. ஆனால் துவக்கைப் பூட்டிவைத்துவிடவும் இல்லை. சனிக்கிழமைகளில் வழக்கம்போலத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

கதை கடைக்கு வருகிறவர்களிடையே பரவியது. நான் ஓட்டையைப் பார்த்தே நுனியைச் சொன்னவன் என்று. அவர்கள் எனக்கு 'டொக்டர்' என்று பேர் வைத்தார்கள். கோப்பியோடு என் பக்கத்தில் வந்து நின்று, இது என்ன ரவை சொல் பார்க்கலாம் என்று கேட்டுச் சிரிப்பார்கள். தெரியாது என்பேன். பெரும்பாலும் தெரியும். வேறு வேலை கிடைக்கும்வரை பெப்ரவரி மாதம்வரை அங்கேயே நின்றேன். மட்டக்களப்பாரும் நானும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டோம், என்ன சாமான் வாங்குவது என்று கதைத்தோம். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. கடைசி நாளில் முதலாளி என் கையைக் குலுக்கி, வெள்ளைக் கடதாசியில் கட்டிய பொதியொன்றைத் தந்தார். நல்ல முதுகிறைச்சி, போன வாரத்தது, பயப்படாதே என்றார். வாங்கி நன்றி சொன்னேன். அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்ததால் சைக்கிளைக் கொண்டுவரவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வயதான பெண் பையோடு காத்திருந்தார். நான் பொதியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். கடதாசி கிழிந்து உள்ளே இருந்தது தெரிந்தது. அவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். விளக்கிச் சொல்ல எனக்குப் போதுமான டெனிஷ் அப்போது இருந்தது. சொல்லவில்லை. பஸ் வந்ததும் அவரை முதலில் ஏறவிட்டு நான் பின்னால் போய் இருந்தேன்.