பதினோரு பிரபுக்களும் அப்பா எழுதிய வாரிசுச் சான்றும்

அப்பா போய் ஓராண்டு ஆகிறது. சித்தப்பா மகன் டெக்சாஸிலிருந்து வருவதற்குள் பெண்பிள்ளை நீ ஏன் கொள்ளி வைத்தாய் என்று சொந்தக்காரர்கள் இன்னும் போனில் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இந்த நினைவு மலரில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர் அப்பா. கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை மறைத்து யாராவது வாரிசுச் சான்றிதழ் கேட்டால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர்தான், தனக்குக் கொள்ளி வைக்கத் தம்பி மகன் இருக்கிறான் என்று என் முன்னாலேயே சொல்வார். நான் ஒரே மகள். கேட்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

அம்மா மறைந்தபின் நியூ ஜெர்சிக்கு என்னிடம் வந்தார். எனக்கு ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை, வீடு திரும்பவே இருட்டிவிடும். பகலில் அவருக்குத் துணை பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர், ஓய்வு பெற்ற கொத்தனார். அவர் குடும்பத்துக்கு மார்க்கீஸ் என்ற பிரபுப் பட்டம் இருந்ததாம். நேப்பிள்ஸ் ராஜாவுக்குப் படை அனுப்பி முதலாமவர் வாங்கியது. நாலாமவர் சூதாடி ஆலிவ் தோப்புகளைத் தொலைத்தார். பத்தாமவர் கப்பலேறி வந்து இங்கே செங்கல் அடுக்கினார். இத்தாலியில் ராஜா போனதோடு பட்டத்தின் சட்ட மதிப்பும் போயிற்று. பெயரளவில் பதினோராமவர் இந்தப் பெரியவர். அவருக்கும் ஒரே மகள். ஆண்வழிப் பட்டம், என்னோடு முடிந்தது என்பார்.

பழைய தாள்களை அவர் படித்துச் சொல்ல, அப்பா அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதினார். தாசில்தார் ஆபீஸ் வழக்கம் விடுமா? பிரபுக்களோடு அவர்களுடைய அக்கா தங்கைகள், மகள்கள், கன்னிமடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று எல்லார் பெயரும் ஏறியது. கடைசியில் பெரியவரின் மகள் பெயரை எழுதி, மேற்கண்டவரைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். பெரியவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை.

"விசாரணையில வந்த பேரை எப்படிம்மா விடறது?" என்றார் அப்பா.

"அப்போ என் பேரை மட்டும் எப்படிப்பா விட்டீங்க?" என்றேன்.

அவர் தாள்களை அடுக்கி உள்ளே எடுத்துப்போனார். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு அலைந்த மாதங்களிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் ஒரு தாளை மடித்து என் கைப்பையில் வைத்தார். அவர் உயிர் போன பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். மறுநாள் தகன அறையில், கொள்ளிக்குப் பதிலாக இங்கே அழுத்தும் பொத்தானை நானே அழுத்தினேன்.

எனக்கு வேலை இருந்த நாட்களில், கோபத்தை மறந்து அப்பாவை டயாலிசிஸுக்குக் காரில் கூட்டிப்போன பெரியவருக்கும், ரசமும் சாதமும் கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும் நன்றி. தாமதமாக வந்து, அந்தத் தாளைப் படித்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சிருக்கே அக்கா" என்ற சித்தப்பா மகனுக்கும் நன்றி.

தனக்குத் தானே சான்று எழுதிக்கொள்ள விதியில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். இருந்தும் அந்தத் தாளில் எழுதியிருந்தார். மேலே அவர் பெயர். கீழே வாரிசு என்று என் பெயர். "மேற்கண்டவரைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை. விசாரித்து அறிந்தேன்."