பனிக்குப் போட்ட பூட்ஸ்

மத்திகிரி பண்ணையில் மாடு பார்க்கும் மாரிசாமிக்கு, பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரத்தின் கடைசி வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்றும் முகம் மலர்ந்துவிடும். மூன்று வருடம் ஓடிவிட்டது.

தேன்கனிக்கோட்டைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு அயல்நாட்டுக் கதைகளுக்கு. ஆசிரியர் நாராயணப்பன் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் மணி அடித்தாலும் எழ மாட்டார்கள். வருட முடிவில் பரீட்சை வைக்காமல், படித்த கதைகளில் ஒன்றை நடிக்கச் சொல்வார். வேடம் சீட்டுக் குலுக்கல்படி. அந்த வருடம் ஒரு ருஷ்யக் கதை. ஜமீன்தார் வேடம் மாரிசாமிக்கு விழுந்தது; வேலைக்காரன் வேடம் அவன் ஊர் மணியக்காரர் திம்மப்பனின் மகன் முனிராஜுக்கு.

பனியை எவரும் பார்த்ததில்லை. இலவம்பஞ்சைப் பிய்த்துத் தூவினார்கள். ஜமீன்தாருக்கு பூட்ஸ் வேண்டுமே என்று ஃபாரஸ்ட் கார்டிடம் இரவல் கேட்டார்கள். மாரிசாமியின் கால் அதுவரை செருப்பே அறியாது. மணியக்காரர் தெருவில் சேரிக்காரன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படி நடக்க வைப்பது குற்றம் என்று சட்டம் வந்து ஒரு வருடமாகியிருந்தது. சட்டத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நாடகம் பார்க்கப் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். மாரிசாமி பூட்ஸ் டக் டக்கென்று ஒலிக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முன்வரிசையில் இருந்த திம்மப்பன் எழுந்துவிட்டார்.

"ஏய், அதைக் கழட்டிட்டு எந்திரிடா. யாரு முன்னாடி உக்காந்திருக்கன்னு தெரியுதா?"

மாரிசாமியின் கை தானாகவே பூட்ஸ் கயிற்றுக்குப் போனது. கீழே துடைப்பத்தால் பஞ்சைக் கூட்டிக்கொண்டிருந்த முனிராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் எஜமான். வெளிய பனி கொட்டுது. கழட்டினா காலு வெறச்சுப் போயிரும்."

கதையில் இல்லாத வசனம். பெண்கள் பக்கத்தில் கூடப் படிக்கும் ரங்கம்மா களுக்கென்று சிரித்தாள். முனிராஜ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எஜமான், யாரோ பெரியவரு வந்து நிக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

மாரிசாமி திம்மப்பனைப் பார்த்தான். அவன் அப்பா அந்த மனிதர் முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கயிற்றை விட்டான். நிமிர்ந்தான்.

"உக்காரச் சொல்லு."

கூடமே சிரித்தது. திம்மப்பன் சுற்றிலும் பார்த்தார். வெளியே போனால் இன்னும் சிரிப்பார்கள். உட்கார்ந்தார்.

அன்றைக்கு முனிராஜுக்கு வீட்டில் பெல்ட் அடி. பொழுது சாயும்போது சேரிக்கு ஆள் வந்தது: மாரிசாமியின் அப்பா இனி, கூலி வேலை பார்த்துவந்த திம்மப்பன் வயலில் கால் வைக்கக் கூடாது.

அப்பா களியை உருட்டிக்கொண்டிருந்தார். திட்டு விழும் என்று மாரிசாமி தலை குனிந்துகொண்டான்.

"நீ சொன்னதும் உக்காந்துட்டானா?"

அப்பா அவரை 'அவன்' என்று சொல்லி மாரிசாமி கேட்டதே இல்லை.

"உக்காந்துட்டாருப்பா."

"எப்படிச் சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

மாரிசாமி சொன்னான். அப்பா களியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாளைக்கு வேற வேல தேடணும். கெடக்கட்டும். உங்க அம்மாவ கூப்பிடு, அவளும் கேக்கட்டும்."